திரையை விலக்கிப் பார்த்த பாடகி: கன்ட்ரி கச்சேரியில் மேடையும் கூட்டமும் ஒட்டிக்கொள்வது எப்படி?

கச்சேரி தொடங்கச் சிறிது நேரமே இருந்தது. மேடைக்குப் பின்புறம் ஒரு பெண் அழுத கண்களோடு வந்து நின்றார். அவருடைய கணவரும் கச்சேரிக்கு வந்திருக்கிறார். ஆனால் பக்கத்தில் உட்காரவைத்திருப்பது வேறொருத்தியை. இதை அந்தப் பெண் போய்ச் சொன்னது சற்று நேரத்தில் மேடையேறப்போகும் பாடகியிடம். பாடகி திரையை லேசாக விலக்கி அந்த இன்னொருத்தியை மேலும் கீழும் பார்த்தார். உன் புருஷனைக் கொண்டுபோகிற அளவுக்கு அவளிடம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். சொன்ன வார்த்தை மனதில் ஒட்டிக்கொண்டது. ஒப்பனை அறைக்குள் போய்ச் சில நிமிடங்களில் அதையே பாட்டாக எழுதிவிட்டார்.

அந்தப் பாடகி லொரெட்டா லின். 1966இல் வெளிவந்த அந்தப் பாட்டு அமெரிக்கக் கன்ட்ரி இசைத் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை ஏறியது. அது பிறந்த கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த இசையைப் புதிதாகக் கேட்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். முன்பின் பழக்கமில்லாத ஒருவரிடம் போய் ஒரு பெண் தன் வீட்டு வேதனையைக் கொட்டுகிறார். கேட்டவரும் ஐயோ பாவம் என்று சொல்லிக் கடந்துபோகவில்லை. சொந்தத் தங்கையின் பிரச்சினைபோல எட்டிப் பார்க்கிறார், பதில் சொல்கிறார், அதை ஊரறியப் பாடவும் செய்கிறார். இந்த உரிமை இருவருக்கும் எங்கிருந்து வந்தது? கன்ட்ரி கச்சேரியில் ஆயிரக்கணக்கானோர் ஒரு பாடகியோடு சேர்ந்து கலங்குவதும் சிரிப்பதும் இந்த உரிமையால்தான். அது எப்படி உருவாகிறது என்று லொரெட்டாவை வைத்தே பார்ப்போம்.

கன்ட்ரி என்றால் நாட்டுப்புறப் பாட்டா?

பாதிதான் சரி. வேர் நாட்டுப்புறத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் குடியேறிய ஆங்கிலேய, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்கள் கொண்டுவந்த கதைப்பாடல்கள், பிடில் வாசிப்பு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் வழியே வந்த பான்ஜோ என்ற தந்தி வாத்தியம், தேவாலயப் பாடல்கள், கறுப்பின மக்களின் துயரப் பாட்டான ப்ளூஸ் எல்லாம் கலந்து உருவானது. ஆனால் 1920களில் வானொலியும் இசைத்தட்டும் வந்ததும் அது தொழிலாகிவிட்டது. 1927இல் டென்னஸி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் ஊரில் நடந்த ஒலிப்பதிவுகளில்தான் கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழுவும் பாடகர் ஜிம்மி ராஜர்ஸும் வெளியுலகுக்குத் தெரியவந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயர் உண்டு, உரிமைத்தொகை உண்டு, விற்பனைக் கணக்கு உண்டு. நடவுப் பாட்டுக்கு இதெல்லாம் கிடையாது.

இப்படித் தொழிலான பிறகும் நாட்டுப்புறத்திலிருந்து ஒரு பழக்கம் மட்டும் விடாமல் தொடர்ந்து வந்தது. பாடுகிறவரும் நம்மில் ஒருவர்தான் என்று கேட்கிறவர் நினைப்பது. அப்படி நினைக்கவைக்க முடியாத பாடகர் இந்த இசையில் நிலைப்பது கடினம். குரல் சுமாராக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வாழாத வாழ்க்கையைப் பாடினால் பொறுக்கமாட்டார்கள்.

இந்த நினைப்பை வளர்த்ததில் வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம் நிலையம் 1925 நவம்பர் 28 அன்று ஒரு சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் அதற்குக் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற பெயர் வந்தது; இன்றும் நடக்கிறது. பார்வையாளர்கள் முன்னால் பாடுவார்கள், அது அப்படியே காற்றில் போகும். கென்டக்கி மாநிலத்தின் புட்சர் ஹாலோ என்ற மலைக் கிராமத்தில், பேட்டரியில் ஓடும் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து சனிக்கிழமைதோறும் அதைக் கேட்ட குடும்பங்களில் ஒன்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி டெட் வெப்பின் குடும்பம். எட்டுப் பிள்ளைகள். இரண்டாவதாகப் பிறந்தவர் லொரெட்டா.

மேடையில் நின்றபோது எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனநிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்றால், அவரே அந்த இடத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர் என்பதுதான் காரணம்.

பாடும் முன் வாழ்ந்த வாழ்க்கை

லொரெட்டா பிறந்தது 1932 ஏப்ரல் 14. பதினைந்து வயதில் ஆலிவர் லின் என்பவரைத் திருமணம் செய்துகொண்டு, நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனார். இருபதுகளின் தொடக்கத்துக்குள் நான்கு குழந்தைகள். பின்னர் 1964இல் இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். வீட்டு வேலை செய்துகொண்டே பாடிக்கொண்டிருந்தவருக்குக் கணவர் பதினேழு டாலர் கிட்டார் ஒன்றை வாங்கித் தந்தார். தானாகவே வாசிக்கப் பழகினார், தானாகவே எழுதப் பழகினார்.

1960இல் முதல் இசைத்தட்டு வந்தது. விளம்பரத்துக்குப் பணமில்லை. கணவனும் மனைவியும் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக, வானொலி நிலையம் நிலையமாகப் போய் இதைக் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டார்கள். காரிலேயே தூங்கினார்கள், கையில் கொண்டுபோன சாண்ட்விச்சைத் தின்று பசியாற்றினார்கள். அந்த ஆண்டு முடியுமுன் ஆப்ரி மேடையில் பாட அழைப்பு வந்தது. பேட்டரி வானொலியில் கேட்ட அதே மேடை.

அவருக்கு முன்னால் பாதை முழுவதும் மூடிக்கிடந்தது என்று சொல்ல முடியாது. 1952இல் கிட்டி வெல்ஸ் ஒரு பாட்டைப் பாடினார். பெண்களைப் பழித்து ஓர் ஆண் பாடிய பிரபலமான பாட்டுக்கு எதிர்ப்பாட்டு அது: பெண் தவறிப் போனால் அதில் ஆணுக்குப் பங்கில்லையா என்று கேட்டது. கிட்டி வெல்ஸ் அப்போது பாட்டையே விட்டுவிடும் யோசனையில் இருந்த குடும்பத் தலைவி. ஒலிப்பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலருக்காகத்தான் ஒப்புக்கொண்டார். ஆப்ரி அந்தப் பாட்டை முதலில் அனுமதிக்கவில்லை. ஆனாலும் கன்ட்ரி தரவரிசையில் தனிப் பாடகியாக முதலிடம் பிடித்த முதல் பெண் அவர். பெண் பாடினால் விற்காது, பெண் பெயரைப் போட்டால் டிக்கெட் போகாது என்று தொழிலில் இருந்தவர்கள் அதுவரை சொல்லிவந்தார்கள். கூட்டத்தில் பாதி பெண்கள் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை.

லொரெட்டா அந்தப் பாதியைப் பார்த்துப் பாடினார். குடித்துவிட்டு வரும் கணவன், புருஷன்மேல் கண்வைக்கும் அடுத்தவள், ஓய்வில்லாத பிள்ளைப்பேறு. இவையெல்லாம் பெண்கள் கிணற்றடியிலும் அடுக்களையிலும் தமக்குள் பேசிக்கொண்டவை. மைக் முன்னால் இப்படி வெளிப்படையாகச் சொன்னவர்கள் குறைவு. தங்கை பெகி சூவோடு சேர்ந்து எழுதிய, குடித்துவிட்டு வீட்டுக்கு வராதே என்ற பாட்டுத்தான் 1967இல் அவருக்கு முதல் முதலிடத்தைத் தந்தது. இந்தப் பாட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் கேட்கிறவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கணவர் உயிரோடு இருக்கும்போதே, அவரை விட்டுப் பிரியாமலே, அவரைப் பற்றியும் பாடிய பெண் அவர்.

ஒரு பாட்டைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்

1970இல் வெளிவந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்', அதாவது சுரங்கத் தொழிலாளியின் மகள், அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்ட பாட்டு. முதல் வரியிலேயே தான் யார் மகள் என்று அறிவித்துவிடுகிறார். இந்தப் பாட்டை நேரில் பாடிய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த முதல் சொற்கள் வாயிலிருந்து விழுந்த கணத்தில் கைதட்டல் எழும். பாட்டு முடிந்து தட்டுகிற தட்டல் வேறு. இது, நம் வீட்டுப் பெண் வந்துவிட்டாள் என்று வாசலில் எழுகிற சத்தம்.

பாட்டுக்குள் என்ன இருக்கிறது? கதைத் திருப்பம் ஒன்றுமில்லை. அப்பா இரவெல்லாம் வான் லியர் சுரங்கத்தில் வேலை செய்கிறார், பகலில் சோளக்கொல்லையைக் கொத்துகிறார். அம்மா பலகையில் துணி துவைத்து விரலில் ரத்தம் கசிகிறது. கோடையில் காலில் செருப்பு கிடையாது. குளிர்காலம் வந்தால் பன்றியை விற்ற காசில், தபாலில் பொருள் அனுப்பும் கடையில் ஷூ வாங்குவார்கள். இரவில் மண்ணெண்ணெய் விளக்கு. அவ்வளவுதான்.

இங்கேதான் புதிதாகக் கேட்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. வறுமை கொடியது என்று பொதுவாகப் பாடியிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள், யாருக்கும் தொண்டை அடைத்திருக்காது. பன்றி விற்ற காசில் வாங்கிய ஷூ என்றதும், கேட்கிற ஒவ்வொருவருக்கும் தன் வீட்டில் எதை விற்று எதை வாங்கினார்கள் என்பது நினைவுக்கு வருகிறது. சுரங்கத்தையே பார்த்திராத டெக்சாஸ் விவசாயியின் மகளும் அப்போது அந்தப் பாட்டுக்குள் வந்துவிடுகிறாள். எவ்வளவு குறிப்பாகச் சொல்கிறாரோ அவ்வளவு பேர் உள்ளே வர இடம் கிடைக்கிறது. பாட்டில் லொரெட்டா இன்னும் பல சரணங்கள் எழுதியிருந்தார். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி நீளம் அதிகம் என்று சிலவற்றை வெட்டச் சொன்னார். வெட்டியது லொரெட்டாவுக்கு மனக்குறைதான். ஒவ்வொரு சரணமும் வீட்டிலிருந்து எடுத்த ஒரு பொருள் மாதிரி அல்லவா!

இன்னொன்றும் உண்டு. அந்த அப்பா 1959இலேயே இறந்துபோனார். மகள் பாடகியானதை அவர் பார்க்கவில்லை. கூட்டத்தில் பலருக்கு இது தெரியும். அப்பாவைப் பற்றிய வரி வரும்போது அரங்கம் அமைதியாவது இதனால்தான். பாடகி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவேண்டிய அவசியமில்லை. அவர் பெரும்பாலும் நிமிர்ந்து, பெருமையோடுதான் பாடுவார். அழுகிற வேலை கீழே நடக்கும்.

இசையும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. பெரும்பாலான கன்ட்ரி பாட்டுகள் மூன்று நான்கு கார்டுகளுக்குள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளுக்குள், முடிந்துவிடும். அடுத்து எங்கே போகும் என்று காதுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் கவனம் சொற்களில் நிற்கும், இரண்டாவது முறை பல்லவி வரும்போது கூட்டமும் சேர்ந்து பாடிவிடும். அதோடு ஸ்டீல் கிட்டார் என்றொரு வாத்தியம். மேசைபோலக் கிடத்தி வைத்திருப்பார்கள். கம்பிகள்மேல் ஓர் உலோகத் துண்டை வழுக்கிக்கொண்டே போவார்கள், காலால் பெடலை அழுத்திச் சுருதியை வளைப்பார்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அது குதிக்காது, இழைந்து போகும். கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது அந்நியமாகவே இராது. பாடகி ஒரு வரியைப் பாடி நிறுத்துகிற இடைவெளியில் அது ஒரு விசும்பல் விசும்பும். அவர் சொல்லாமல் விட்டதை அது சொல்லிவிடும்.

உச்சரிப்பையும் சொல்லவேண்டும். லொரெட்டா கடைசிவரை கென்டக்கி மலைப்பேச்சில்தான் பாடினார். பட்டணத்து ஆங்கிலத்துக்கு மாறவில்லை. பேச்சை மாற்றாத பாடகி ஊரையும் மாற்றிக்கொள்ளவில்லை என்றே கேட்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கூடமும் ஒரு காரணம்

1943 முதல் 1974 வரை ஆப்ரி நடந்தது நாஷ்விலின் ரைமன் அரங்கத்தில். 1892இல் கிறித்தவப் பிரசங்கக் கூடமாகக் கட்டப்பட்ட கட்டடம் அது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், தனித்தனி நாற்காலிகளுக்குப் பதில் தேவாலயத்தில் இருப்பதுபோல நீண்ட மரப் பெஞ்சுகள். குளிர்சாதனம் கிடையாது. கோடைகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, கையில் அட்டை விசிறியை ஆட்டிக்கொண்டே கேட்டார்கள். மேடையில் இருப்பவர்களுக்கும் வியர்த்துக் கொட்டியது. பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் மூக்கை உறிஞ்சினால் உங்களுக்குத் தெரியும். இடையில் கைப்பிடி வைத்த சொகுசு நாற்காலியில் அழுகை இவ்வளவு சுலபமாகத் தொற்றாது என்பது என் எண்ணம்.

1974இல் ஆப்ரி புதிய அரங்கத்துக்கு மாறியபோது, பழைய ரைமன் மேடையிலிருந்து ஆறடி அகலத்துக்கு வட்டமாக மரப்பலகையை வெட்டியெடுத்து, புதிய மேடையின் நடுவில் பதித்தார்கள். இன்றும் பாட வருகிறவர்கள் அந்த வட்டத்தில்தான் நிற்கிறார்கள். முன்னால் இதே பலகையில் யார் யார் நின்றார்கள் என்பது மேடையில் இருப்பவருக்கும் தெரியும், கீழே இருப்பவருக்கும் தெரியும்.

பாட்டுக்கு நடுவே பேசுவது

ஒலிப்பதிவை மட்டும் கேட்கிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று, பாட்டுகளுக்கு இடையே நடக்கும் பேச்சு. கன்ட்ரி கச்சேரியில் இது இடைநிரப்பி அல்ல. பாதிக் கச்சேரி அதுதான். இந்தப் பாட்டை எப்போது எழுதினேன், அன்று வீட்டில் என்ன சண்டை, யார் சொன்ன வார்த்தை இது என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பாடுவார்கள். இன்னொரு கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் தன் அம்மா ஒட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்துத் தந்த கோட்டைப் பற்றிய பாட்டுக்கு முன்னால் சொல்லும் கதைக்காகவே காத்திருக்கிறவர்கள் உண்டு. எத்தனையோ முறை கேட்ட கதைதான். ஆனாலும் மறுபடி கேட்கவேண்டும்.

லொரெட்டாவிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. என்ன பாடட்டும் என்று கூட்டத்தைக் கேட்பார். ஆளாளுக்கு ஒன்றைக் கத்துவார்கள். காதில் விழுந்ததில் ஒன்றைப் பிடித்து, வாத்தியக்காரர்களைத் திரும்பிப் பார்த்துத் தொடங்கிவிடுவார். நம் வானொலியில் நேயர் விருப்பம் என்று கடிதம் போட்டுக் காத்திருப்போமே, அது இங்கே நேருக்கு நேர், அந்த நிமிடமே நடக்கும். நீ கேட்ட பாட்டை உனக்காக ஒருவர் பாடிவிட்டால் அந்த இரவு முழுவதும் உன்னுடையதாகிவிடும்.

தரையைத் தொடும் நீண்ட கவுன் அணிந்துதான் அவர் மேடைக்கு வருவார். வேலைப்பாடும் மினுமினுப்பும் கல்யாணப் பெண்ணை நினைவூட்டும். ஏழைப் பெண்ணின் கதையைப் பாடுகிறவருக்கு இவ்வளவு ஆடம்பரம் ஏன் என்று எனக்கும் முதலில் தோன்றியது. பிறகு அந்தக் கூட்டத்துப் பெண்களின் இடத்தில் இருந்து யோசித்துப் பார்த்தேன். தங்களுள் ஒருத்தி ராணிபோல நிற்பதைப் பார்க்கத்தான் அவர்கள் காசு சேர்த்து டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார்கள். கவுன் ராணியுடையது, வாய் திறந்தால் வரும் பேச்சு பக்கத்து வீட்டுக்காரியுடையது. இரண்டும் சேர்ந்து இருக்கவேண்டும்.

இப்படி மேடைப் பேச்சைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் காட்டும் பதிவு லொரெட்டாவுடையது அல்ல. அவருக்கு மூத்த தோழியாக இருந்த பாடகி பேட்ஸி கிளைனுடையது. 1961 ஜூன் மாதம் பேட்ஸி ஒரு கார் விபத்தில் சாவின் விளிம்புவரை போய்வந்தார். அவர் மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு நள்ளிரவு வானொலி நிகழ்ச்சியில் லொரெட்டா பேட்ஸியின் பாட்டையே பாடி அவருக்குச் சமர்ப்பித்தார். வானொலியில் அதைக் கேட்ட பேட்ஸி உடனே தன் கணவரை அனுப்பி லொரெட்டாவை வரவழைத்தார். அவர்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது. விபத்து நடந்து ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன, ஜூலை 29 அன்று டல்சா நகரின் சிமரான் நடனக்கூடத்தில் ஊன்றுகோல்களோடு போய்ப் பாடினார் பேட்ஸி. அந்தப் பதிவு 1997இல் வெளிவந்தது. பாட்டுகளுக்கு இடையே விபத்தைப் பற்றிக் கூட்டத்திடம் பேசுகிறார். பிறகு பாடுகிறார். அடி வாங்கிய உடம்பு, பிசிறில்லாத குரல். அந்தக் கூட்டத்தின் கைதட்டலை ஹெட்போனில் கேட்டபோது, இவர்கள் பாட்டுக்குத் தட்டவில்லை, ஆள் உயிரோடு வந்து நிற்பதற்குத் தட்டுகிறார்கள் என்று தோன்றியது.

கச்சேரி முடிந்த பிறகும்

மற்ற இசை வகைகளில் விளக்கு அணைந்ததும் உறவு முடிந்துவிடலாம். கன்ட்ரியில் பாதி உறவு அதற்குப் பிறகுதான். கையெழுத்து வாங்க வரிசை நிற்கும். பாடகி உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் பேசுவார். வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுவார்கள். அந்தக் கதைகளில் சில அடுத்த பாட்டாகும். தொடக்கத்தில் சொன்ன அழுத கண்களின் கதை நினைவிருக்கிறதா?

லொரெட்டாவின் ரசிகர் மன்றத்தை நடத்தியவர்கள் கொலராடோவைச் சேர்ந்த ஜான்சன் சகோதரிகள் மூவர். 1960களில் அவர்கள் பல பாடகர்களின் மன்றங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டமைப்பே அமைத்தார்கள். 1972இல் நாஷ்விலில் தொடங்கிய ஃபேன் ஃபேர் என்ற திருவிழா இந்தப் பழக்கத்துக்கு ஓர் ஊரையே ஒதுக்கிக் கொடுத்தது. பாடகர்கள் சாவடி போட்டு உட்காருவார்கள், ரசிகர்கள் வரிசையில் வந்து பார்ப்பார்கள். 1996இல் பாடகர் கார்த் புரூக்ஸ் அங்கே இடைவிடாமல் 23 மணி நேரம் நின்று கையெழுத்துப் போட்டார்.

பேட்ஸிக்கு 1961இல் ஹூஸ்டனில் நடந்தது இதைவிட அழகு. கச்சேரிக்குச் சீக்கிரமே வந்துவிட்ட ரசிகை ஒருவரோடு பேச்சுக் கொடுத்த பேட்ஸி, இரவு அவர் வீட்டிலேயே போய்த் தங்கினார். அதன் பிறகு அந்த ரசிகைக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். 1963 மார்ச் 5 அன்று விமான விபத்தில், முப்பது வயதில், பேட்ஸி இறந்துபோனார். இறந்துபோன ஒரு வானொலித் தொகுப்பாளரின் குடும்பத்துக்கு உதவி நிதி திரட்டக் கன்சாஸில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில் நேர்ந்த விபத்து அது. லொரெட்டா பின்னர் தன் இரட்டைப் பெண்களில் ஒருத்திக்குப் பேட்ஸி என்று பெயர் வைத்தார்.

கூட்டத்துக்குப் பிடித்ததை மட்டும் பாடுவதா?

இல்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் ரசிகர்களோடு உறவு என்றதும் அவர்களைக் குளிர்விப்பது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள்.

1975இல் லொரெட்டா கருத்தடை மாத்திரையைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார். வருடம் தவறாமல் பிள்ளை பெற்றுக் களைத்த மனைவி, இனி என் உடம்பு என் பேச்சைத்தான் கேட்கும் என்று கணவனிடம் சொல்லும் பாட்டு. பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ஆறு பிள்ளைகளைப் பெற்றவர் பாடுகிறார், அவரிடம் போய் உனக்கு இதில் என்ன தெரியும் என்று யாரும் கேட்க முடியாது. கிராமப்புறங்களில் மருத்துவர்களின் பிரசாரத்தைவிட அந்தப் பாட்டு அதிகம் பேரை எட்டியதாக மருத்துவர்களே தன்னிடம் சொன்னதை அவர் பின்னர் பகிர்ந்திருக்கிறார்.

அதே 1970களின் தொடக்கத்தில், விருது மேடையில் கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடுக்கு விருது தரும்போது அவரைத் தொட்டுவிடாதே என்று லொரெட்டாவிடம் சொல்லிவைத்தார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் தென்மாநில வெள்ளையர்கள் கோபப்படுவார்களாம். லொரெட்டா சார்லியைக் கட்டியணைத்து முத்தமிட்டார். கன்ட்ரி கூட்டம் பெரும்பாலும் வெள்ளையர் கூட்டமாகவே இருந்ததும், கறுப்பினக் கலைஞர்களுக்கு அதன் கதவு அரைகுறையாகத்தான் திறந்ததும் மறைக்க முடியாத உண்மை. பான்ஜோவைத் தந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே இந்த நிலை. லொரெட்டா தன் கூட்டத்தை நேசித்தார். அதனால்தான் அந்தக் கூட்டம் பார்க்கவேண்டியதைப் பார்க்க வைத்தார். நெருங்கிய உறவில்தான் இப்படி முகத்துக்கு நேரே நடந்துகொள்ள முடியும். 1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது முதன்முறையாக ஒரு பெண்ணுக்குப் போனது, அது லொரெட்டாவுக்கு.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலையும் உண்டு. 1970களில் ஓயாத பயணம், கடும் ஒற்றைத்தலைவலி, மேடையிலேயே மயங்கி விழும் அளவுக்கு அசதி. மருத்துவமனைக்கும் பேருந்துக்குமாக அலைந்தார். பிள்ளைகள் வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. தினமும் ஆயிரம் பேரின் துக்கத்தைக் கேட்டு அதைத் தன் தொண்டையில் ஏற்றிக்கொள்கிறவருக்கு, அதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் அவருக்கு எப்போதும் கிடைக்கவில்லை.

இனி நீங்கள் கேட்கும்போது

ஒரு நேரடிக் கச்சேரிப் பதிவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பாடகியை விட்டுவிட்டுக் கூட்டத்தை மட்டும் கேளுங்கள். எந்தச் சொல்லில் சத்தம் எழுகிறது? ஊர்ப் பெயர் வரும்போதா, அப்பா அம்மா வரும்போதா, அடங்காத மனைவி பதிலடி கொடுக்கும்போதா? பெண்களின் குரல் எங்கே ஓங்குகிறது? எங்கே ஒருவரும் மூச்சுவிடவில்லை? பிறகு மறுபடி முதலிலிருந்து, இந்தமுறை பாடகியை. கூட்டம் ஆர்ப்பரிக்கும்போது அவர் காத்திருக்கிறாரா, சிரிக்கிறாரா, அடுத்த வரியை அவர்களிடமே விட்டுவிடுகிறாரா? இரண்டு முறை கேட்டதும் மேடைக்கும் பெஞ்சுக்கும் நடுவே என்ன போய்வருகிறது என்பது உங்கள் காதுக்கே பிடிபட்டுவிடும். ஆங்கிலம் முழுதாகப் புரியவேண்டும் என்றுகூட இல்லை.

லொரெட்டா 2017 மே மாதம் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். அதோடு கச்சேரிப் பயணங்கள் நின்றன. 2019 ஏப்ரல் 1 அன்று, அவருடைய 87ஆவது பிறந்தநாளை ஒட்டி, நாஷ்விலின் பிரிட்ஜ்ஸ்டோன் அரங்கத்தில் கன்ட்ரி உலகின் பெரிய பாடகர்கள் எல்லோரும் கூடி அவருடைய பாட்டுகளை அவருக்கே பாடினார்கள். வாழ்க்கை முழுவதும் பாடியவர் அன்று கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். நிறைவாகச் சுரங்கத் தொழிலாளியின் மகள் பாட்டைத் தொடங்கினார்கள். அவர் பாடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மைக் அருகே வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக அவரும் பாடினார்.